சொந்த வீட்டுக்கு என்ன வாடகை

“…அப்ப அந்தப் பன்னெண்டாயிரம் கவர்மென்ட்டு சொன்னது இல்ல. நீயா சொன்னது. அதானே?”

நூம்பலில் ஜெயராணி அம்மா தன் வீட்டுக் கூடத்தில் அவரைக்காய் நார் உரித்தபடி என்னிடம் இப்படிக் கேட்டபோது நான் ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, மடியில் பதில்களை ஏற்றும் டேப்லெட்டான அந்த டேப், முப்பது வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்ட பழக்கம். இவ்வளவு இருந்தும் அன்று பதில் சொல்லும் இடத்தில் நான் இருந்தேன். “ஆமாம்மா, நான் சொன்னதுதான்” என்றேன்.

அவர் அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அது விளங்கும்.

கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். படிவம், குறியீடு, டேப்பில் எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது இதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித்தருவார்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் தபாலில் படித்துப் பட்டம் வாங்கியவள். கணக்கியல் புத்தகத்தைவிட அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து ஜனங்களின் பேச்சில்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்குத் தெரிந்ததை அந்த வழியிலேயே சொல்கிறேன்.

நம் வேலையை ஒரு வரியில் சொல்லலாம். ஒரு குடும்பம் மாதம் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். அரிசி பருப்பைச் சொல்லும்போது பெண்கள் சரளமாகச் சொல்லிவிடுவார்கள். வாடகை, கரெண்ட், தண்ணீர், கேஸ் என்று வந்ததும்தான் பேச்சு சூடு பிடிக்கும். நான் எப்போதும் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். டேப்பில் ஏறாதது எல்லாம் அதில் ஏறும். மாங்காட்டில் ஒரு அம்மா சொன்னது: “கரெண்டு பில்லு எங்க நாத்தனார் மாதிரிம்மா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவா. வந்துட்டுப் போனா எனக்கும் அவருக்கும் ரெண்டு நாளு பேச்சு இருக்காது.” இதற்கு நம் படிவத்தில் கட்டம் கிடையாது. ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். சிரிக்கவைத்துவிட்டுச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எல்லாக் கேள்வியிலும் எனக்குத் தொல்லை கொடுத்தது ஒன்றுதான். சொந்த வீட்டில் இருப்பவரிடம், ‘இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு வரும்’ என்று கேட்பது. ஏன் கேட்கிறோம் என்றால், வாடகை கொடுக்காமல் இருப்பவரும் ஒரு வீட்டை அனுபவிக்கத்தான் செய்கிறார், அந்த அனுபவத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. நமக்கு இது புரிகிறது. அவர்களுக்கு ஏன் புரிய வேண்டும்? அம்பத்தூரில் ஒரு பெரியவர் என்னை முறைத்துவிட்டுச் சொன்னார்: “இப்ப ஊட்டுக்கு வாடகை கேப்பீங்க. அடுத்து எம் பொண்டாட்டிக்கு எவ்ளோ சம்பளம் குடுப்பன்னு கேப்பீங்க.” உள்ளேயிருந்து அந்த அம்மா குரல் வந்தது: “கேக்கட்டுமே. நானும் தெரிஞ்சிக்கிறேன்.”

இந்தக் கேள்வியில்தான் நான் வழுக்கி விழுந்தேன். அதுவும் சேர்ந்த புதிதில் இல்லை, போகப்போகிற சமயத்தில்.

நூம்பல் கிராமமாக இருந்து வீட்டுமனைகளாக மாறிக்கொண்டிருக்கிற ஊர். ஒரு பக்கம் புது வீட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள், எதிர்ப் பக்கம் மாடு படுத்திருக்கும். அங்கே ஒரு தெருவில் இரண்டு குடும்பங்கள் சர்வேக்குத் தேர்ந்தெடுத்த மாதிரிப் பட்டியலில் எனக்கு வந்திருந்தன. முதல் குடும்பம் ஜெயராணி அம்மா. தனி ஆள். அவர் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலைக்காலம் முழுக்கக் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வுப் பணத்தில் இங்கே மனை வாங்கி முன்னால் தங்களுக்கு ஒரு வீடும், பின்னால் வரிசையாக மூன்று சின்ன போர்ஷன்களும் கட்டினார். கட்டி முடித்து நாலு வருடத்தில் தவறிவிட்டார். இரண்டாவது குடும்பம் அந்த மூன்றாவது போர்ஷனில் குடியிருந்த மோகனாவுடையது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே கேட்டுக்குள்.

முதல் தடவை அங்கே போன நாளன்று காலை நான் வானகரத்தில் ஓர் அடுக்குமாடியில் இருந்தேன். செக்யூரிட்டி உள்ளே விட அரை மணி நேரம், வீட்டுக்காரர் கதவு திறக்க கால் மணி நேரம். சொந்த வீட்டு வாடகைக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் பன்னிரண்டாயிரம் என்றார். எழுதிக்கொண்டு பஸ் பிடித்து நூம்பல் வந்து சேர்வதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஐப்பசி மழை. அந்தத் தெருவில் மழை வந்தால் வெளியே வர முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த அவசரத்தில்தான் ஜெயராணி அம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னார். இந்தக் கேள்வி வந்தது.

“அம்மா, இந்த வீட்டை வாடகைக்கு விட்டா மாசம் எவ்வளவு வரும்?”

“நான் எதுக்கும்மா உடணும்? நான் எங்க போறது?”

“விட வேணாம்மா. விட்டான்னு ஒரு பேச்சுக்குத்தான்.”

“பேச்சுக்குக்கூட உடமாட்டேன். அவரு வாளி வாளியா தண்ணி ஊத்திக் கட்டுன ஊடு.”

“சரிம்மா. இதே மாதிரி வீடு பக்கத்துல வாடகைக்குப் போனா?”

“எனக்கு இன்னாம்மா தெரியும். நான் எவன் ஊட்டுக்குப் போனேன்.”

வெளியே முதல் தூறல் விழுந்தது. நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். “ஒரு பன்னெண்டாயிரம் வருமாம்மா?”

அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். பிறகு டேப்பைப் பார்த்தார். “நீங்க சொன்னா சரி. போட்டுக்குங்க” என்றார்.

போட்டேன். இதை எங்கேயாவது குறித்து வையுங்கள். ‘நீங்க சொன்னா சரி’ என்பது பதில் இல்லை. நம் குரலே சுவரில் பட்டுத் திரும்பி வருவதுதான் அது.

அன்று மாலையே மோகனா வீட்டையும் முடித்தேன். அவளுக்கு ஒரு தையல் கம்பெனியில் வேலை. வேலப்பன்சாவடி சிக்னலில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். புருஷனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் குடோன் வேலை. மகள் ஏழாவது, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. கரெண்ட்டுக்குத் தனி மீட்டர், வீட்டுக்காரம்மாவிடம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். மோட்டாருக்கு இருநூறு. குடிக்கிற தண்ணீர் கேனில். வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: “வாடக ஒண்ணாந்தேதி வந்துடும், கரெண்டு அஞ்சாந்தேதி வந்துடும். சம்பளம் மட்டும் ஏழாந்தேதி ஆடி அசைஞ்சி வரும் யக்கா.” நோட்டில் எழுதிக்கொண்டேன். மழை விட்டிருந்தது. திருப்தியாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

நம் சர்வேயில் ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்த மாதங்களில் மூன்று முறை போக வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நிறையப் பேர் அதை அலுப்பாக நினைப்பார்கள். எனக்கு அந்த இரண்டாவது முறை இல்லாமல் போயிருந்தால் நான் செய்த காரியம் எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் போனேன். கேட்டில் ஒரு தகரப் பலகை கம்பி போட்டுக் கட்டியிருந்தது. ‘வீடு வாடகைக்கு’ என்று பச்சைப் பெயின்ட்டில், முத்து முத்தான எழுத்து. யாரோ காலி செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனேன். மோகனா வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வா யக்கா. நீ ஏத்துன வாடகதான, நீயே எழுதிக்கோ” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“இன்னா முழிக்கிற? ஊட்டுக்காரம்மா வந்து நின்னுக்கினு சொல்றாங்க, கவர்மென்ட்டுலேர்ந்தே ஆளு வந்து என் ஊடு பன்னெண்டாயிரம்னு மிஷின்ல ஏத்திக்கினு போய்ட்டாங்க, என் ஊடு நாலு ரூம்பு, உங்குது ரெண்டு ரூம்பு, அப்ப ஆறாயிரம் வருது, குடுக்கிறதுன்னா இருன்னு. ஆறாயிரத்துக்கு நான் எங்க யக்கா போவேன்?”

“மத்தவங்க?”

“நடுவுல கீறவங்க ஊருக்குப் போய்க்கிறாங்க, அவங்களுக்கு இன்னும் சேதியே தெரியாது. மொத போர்ஷன் குமாரு அண்ணாத்தே மொணகிக்கினே சரின்ட்டாரு. ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு, அவருக்கு இங்கதான் வண்டி நிறுத்த எடம் கீது. எங்களுக்கு மாங்காடு தாண்டி ஒரு ஊடு பாத்துட்டோம். நாலாயிரம். ஆனா வேனு அங்க வராது. ரெண்டு பஸ் மாறணும். பாப்பாவ பாதி வருசத்துல எந்த ஸ்கூல்ல சேப்பாங்க சொல்லு.”

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடி யோசித்தேன். நமக்குச் சொல்லிக்கொடுத்தது, குடும்ப விஷயத்தில் தலையிடாதே, கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடு என்பது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தலையிடுவது என்ன, நான் ஏற்கெனவே தலையை விட்டு ஒரு குடும்பத்தைச் சாக்கில் கட்டவைத்திருந்தேன்.

இன்னொரு வழி தோன்றியது. ரொம்ப சுலபமான வழி. நாளைக்கு ஜெயராணி அம்மாவிடம் போய், ‘அம்மா, உங்க வீட்டு மதிப்பை ஆபீஸ்ல ஒன்பதாயிரமா குறைச்சுட்டாங்க’ என்று சொல்லிவிடுவது. அவர் நம்புவார். ஒன்பதில் பாதி நாலரை. மோகனா கொடுத்துக்கொண்டிருந்த அதே வாடகை. எவ்வளவு கச்சிதம் பாருங்கள். பஸ் வருவதற்குள் அந்தப் பொய்யை நான் மனசுக்குள் இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். என்னைவிட இருபத்தேழு வயது சின்னவர். அவர் மேற்பார்வைக்கு வந்த அன்று, இவரெல்லாம் எனக்கு என்ன சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தது உண்டு. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒன்பதாயிரம் யோசனையையும் சொன்னேன்.

அவர் முழுசும் கேட்டுக்கொண்டார். பிறகு, “நீங்க ஒன்பதாயிரம்னு சொன்னா அதையும் நம்புவாங்க மேடம். அதானே பிரச்சினையே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

“அவங்களுக்கு இன்னொரு நம்பர் குடுக்காதீங்க. குடுத்த நம்பரைப் போய்த் திரும்ப வாங்கிக்கங்க. வாங்கிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேளுங்க. போன மாசம் எழுதினது அவங்க பதில் இல்ல, நீங்க எடுத்துக்குடுத்ததுன்னு எனக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்க. அது உங்க ஃபைல்ல இருக்கும். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். முழு மனதோடு சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். இத்தனை வருடத்தில் என் கோப்பில் அப்படி ஒரு தாள் கிடையாது. அந்தத் தாள் இன்றும் அங்கேதான் இருக்கும். போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

மறுநாள் ஞாயிறு. ஜெயராணி அம்மா மாதா கோயில் பூசை முடிந்து வந்து, நல்ல புடவையை மாற்றிக்கொண்டு அவரைக்காயோடு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன்: வானகரத்து வீட்டுத் தொகை என் தலையில் இருந்தது, மழை வரும் அவசரத்தில் உங்கள் முன்னால் எடுத்துவிட்டேன், அந்தத் தொகைக்கும் உங்கள் வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் நார் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வி. கவர்மென்ட்டு சொன்னது இல்ல, நீயா சொன்னது, அதானே.

“ஆமாம்மா, நான் சொன்னதுதான்.”

“அட்டை மாட்டிக்கினு வந்தியே.”

“அட்டை ஆபீசோடதும்மா. பன்னெண்டாயிரம் மட்டும் என்னுது. நான் கவர்மென்ட்டு இல்ல. அன்னைக்கு அவசரத்துல இருந்த ஒரு பொம்பள.”

ஒரு அவரைக்காயை முழுசாக உரித்து முடித்தார். பிறகு தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

“முப்பத்திரெண்டு வருசம் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். ஊட்டுக்கு இவ்ளோ, தண்ணிக்கு இவ்ளோன்னு அவரு சம்பளச் சீட்டுல போட்டு வரும். புடிச்சதுபோக மீதிதான் கைக்கு வரும். அது ஜாஸ்தியா கம்மியான்னு நாங்க ஒரு நாளும் கேட்டதில்ல. கவர்மென்ட்டு போட்டா சரியாத்தான் இருக்கும். நீ அட்டையோட வந்து பன்னெண்டாயிரம்னியா, சரி, இதுக்கும் சீட்டு வந்துடுச்சின்னு நெனச்சேன்.”

அந்த ஒரு நிமிஷத்தில்தான் என் தப்பின் அளவு எனக்குத் தெரிந்தது. நான் இவரைப் பேராசைக்காரி என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் திட்டியிருந்தேன். அவர் ஆசைப்பட்டு ஏற்றவில்லை. வந்த சீட்டுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார். வேறு யாரிடம் இதே தப்பைச் செய்திருந்தாலும், ‘பன்னெண்டா, கனவுல குடுப்பான்’ என்று சிரித்திருப்பார்கள். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரிந்தும் நான் இதை யோசிக்கவில்லை. ஆவடிப் பக்கம் வேலை பார்க்கப்போகிறவர்கள் ஞாபகம் வையுங்கள்.

“இப்ப மறுபடியும் கேக்கறேன்மா. இந்த வீட்டை வாடகைக்கு விட்டா எவ்வளவு வரும்?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் கஷ்டமான பகுதி அதுதான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் ஒரு வார்த்தையைப் போட்டு நிரப்பிவிட நாக்கு துடிக்கும். மேலே தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. அவர் எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். நான் அப்போதும் பேசவில்லை.

“நீ சொல்ல மாட்ட.”

“மாட்டேன்மா.”

“எனக்கும் தெரியாது. அப்ப வாடக குடுக்கிறவளத்தான் கேக்கணும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “மோகனா, இங்க வா. குமாரு, நீயும் வாடா.”

பதிலைத் தனியாக வாங்க வேண்டும் என்பது விதி. அந்த நிமிஷம் எழுந்து தடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் வீட்டுக்கு அவர் ஆள் கூப்பிடுகிறார், நான் யார் தடுக்க? டேப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

மோகனா சண்டைக்குத் தயாரான முகத்தோடு வந்தாள். குமார் லுங்கியை இறக்கிவிட்டபடி பின்னால் வந்தார்.

“உக்காராத. நீ இந்த ஊட்ட வாடகைக்குக் கேட்டு வந்திருக்க. நான் ஓனரு. சுத்திப் பாத்துட்டு எவ்ளோ குடுப்பன்னு சொல்லு” என்றார் ஜெயராணி அம்மா.

மோகனா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தேன்.

“நெசமாவாம்மா?”

“நெசமாத்தான் கேக்கறேன். வெக்கப்படாத.”

முதலில் தயங்கித் தயங்கித்தான் நடந்தாள். ஹாலைப் பார்த்தாள். “ஹாலு நல்லா கீதும்மா. காத்து வருது. தர வழவழன்னு கீது.” ஜெயராணி அம்மா முகம் மலர்ந்தது. அடுத்து சமையலறை. “பகல்லயே லைட்டு போடணும் போல கீதே.”

“போட்டா இன்னா?”

“யூனிட்டு எட்டு ரூவாம்மா.”

“எனக்கு எங்கடி எட்டு ரூபா…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“தெரியும்மா” என்றார் குமார், ரொம்ப மரியாதையாக. “உங்களுக்கு மொத நூறு யூனிட்டு சும்மாவே வருது.”

“அத்த அப்புறம் பேசிக்கலாம். நீ மேல பாரு.”

மோகனா மேலே பார்த்தாள். கூரையில் ஈரம் கோத்திருந்தது. “இது இன்னாம்மா, இந்தியா மேப்பு மாதிரி கீது?”

“போன மழைக்கு வந்துச்சி.”

“இந்த மழைக்கு இலங்கையும் வந்துடும்” என்றார் குமார்.

குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள் மோகனா. “உப்பு. அப்ப கேன் தண்ணி காசு தனி. மழ பேஞ்சா தெரு பூரா முட்டி வரைக்கும் தண்ணி நிக்குது, செப்டிக் டேங்க் லாரிகூட உள்ள வராது. வண்டிய யாரு ஊட்டு கேட்டுலனா நிப்பாட்டிக்கினு நடந்து வரணும்.”

“எங்க ஊட்டுல குத்தம் மட்டும்தான் கண்ல படுமா உனக்கு? வாசல்லேர்ந்து நடந்தா வேன் ஏறுற தூரம், புள்ளைக்குப் பக்கத்துல ஸ்கூலு, அதெல்லாம் சொல்ல மாட்டியா?”

மோகனா நின்றுவிட்டாள். “அதெல்லாம் கீதும்மா. அதுக்காகத்தான அஞ்சு வருசமா இங்க கீறேன்” என்றாள். அவள் குரல் இறங்கிப்போனது. ஜெயராணி அம்மா மடியில் இருந்த நாரைத் தட்டிவிட்டார்.

“சரி, தொகைய சொல்லு.”

“ஏழாயிரம் குடுப்பேன். அதுவும் ஓனரு நல்ல மாதிரியா இருந்தா.”

“ஏழரை குடுக்கலாம்மா, வண்டி நிறுத்த எடம் கீது” என்றார் குமார்.

“எட்டுக்குக் கீழ நான் உடமாட்டேன். அவரு நின்னு பாத்துக் கட்டுன ஊடு. புடிச்சா வாங்க, இல்லன்னா போங்க.” என் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோ. எட்டாயிரம். இது என் வாயால சொல்றேன், உன் வாயால இல்ல.”

எழுதினேன். என் உத்தியோகத்தில் அத்தனை நிம்மதியாக நான் எழுதிய தொகை வேறு இல்லை.

அடுத்து ஒரு வேடிக்கை நடந்தது. நாலு ரூம்புக்கு எட்டாயிரம் என்றால் ரெண்டு ரூம்புக்கு எவ்வளவு என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் கணக்குப் போட்டார்கள். நானும் போட்டேன். நாலாயிரம். ஏற்றுவதற்கு முன்னால் கொடுத்துக்கொண்டிருந்ததைவிட ஐந்நூறு குறைவு. குமார் மேலே இருந்த இந்தியா மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

“பல்லக் காட்டாதடா” என்றார் ஜெயராணி அம்மா. ஆனால் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவரைக்காய் தட்டு ஆட ஆடச் சிரித்தார். மோகனா சிரிக்கவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை அவரும் கவனித்தார்.

“இன்னாடி பாக்கற? சாக்க அவுத்துப் பாத்தரத்த எடுத்து வை. பழைய நாலாயிரத்து ஐந்நூறையே குடு. குமாருக்கும் பழைய வாடகதான். புது வருசம் பொறந்ததும் இருநூறு ஏத்துவேன், இப்பவே சொல்லிட்டேன். அத்தயும் நான்தான் ஏத்துறேன். யாரும் வந்து சொல்லல.”

“இருநூறு ஏத்துங்கம்மா, வேணாங்கல” என்றாள் மோகனா. கண்ணைத் துடைத்துக்கொண்டே பேரத்தையும் விடவில்லை. “அந்தக் கரெண்டு மீட்டருங்க மேல எதுனா மூடி போடுங்க. மழ அடிச்சா மூணு மீட்டர் மேலயும் சாரல் உயுது. பாப்பா சுச்சு போடப் பயப்படுறா.”

ஜெயராணி அம்மா மடியில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். செருப்புகூடப் போடவில்லை. நானும் பின்னாலேயே போனேன். கேட்டில் கட்டியிருந்த கம்பியை முறுக்கி முறுக்கி அவிழ்த்தார். அந்தத் தகரப் பலகை அவர் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தன் கையாலேயே வெட்டி, பெயின்ட் அடித்து, எழுதிவைத்தது என்று மோகனா என் காதருகே சொன்னாள். எழுத்தின் மேல் படிந்திருந்த தூசியை ஜெயராணி அம்மா முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கவாட்டுச் சந்தில் நடந்து, மீட்டர்கள் இருந்த சுவருக்குப் போனார். அங்கே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் ஏறி நின்றார். “இறங்கும்மா, நான் ஏறுறேன்” என்ற குமாரைக் காதில் வாங்கவில்லை. எழுத்து உள்பக்கம் வரும்படி பலகையைத் திருப்பி, மூன்று மீட்டர்களுக்கும் மேலே கூரை மாதிரி சாய்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மற்றக் கையை, சுத்தியலுக்காக, மோகனா பக்கம் நீட்டினார்.